ஆன் ஹட்சின்சன் விசாரணை, 1637: சபைக்கூடத்தில் வாசித்து நடத்த ஒரு செய்முறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், வீட்டில் கூட்டம் நடத்திப் போதகர்களை இழிவுபடுத்தினார் என்று ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மீது நடந்த வழக்கு இது. வாலிபர் ஐக்கியக் கூட்டத்துக்கும் கல்லூரி வரலாற்று மன்றத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தும் வாசிப்பு. வாய்விட்டு வாசிக்கத் தெரிந்த பதினொரு பேர், ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருக்க ஒருவர், நீளமான ஒரு மேசை, முதுகுச்சாய்வு இல்லாத ஒரு ஸ்டூல், ஒரு கைமணி, ஆளுக்கு ஒன்றிரண்டு மக்காச்சோள மணியும் பயறும், இரண்டரை மணி நேரம். இவ்வளவு போதும். ஒப்பனை வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம்.

அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றில் எத்தனையோ பகுதி இருக்க, இந்த வழக்கைக் குமரி மாவட்டத்தில் எடுத்து வாசிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. 1806ல் ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்குள் வந்தது லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராக. 1795ல் தொடங்கிய அந்தச் சங்கம் எந்தச் சபைப் பிரிவையும் சாராதது என்று அறிவித்துக்கொண்டாலும், அதைத் தாங்கி நடத்தியவர்கள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபையார். பேராயர் கிடையாது, ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தெரிந்தெடுக்கும், சபை என்பது கட்டடம் அல்ல, உடன்படிக்கை செய்துகொண்ட ஆட்கள் என்பது அவர்கள் கொள்கை. ஆங்கிலேயச் சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்ற மாசசூசெட்ஸ் பியூரிட்டன்களும் இதே சபையாட்சி முறைக்காரர்கள்தான். 1908ல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947ல் தென்னிந்தியத் திருச்சபை என்று நம் சபைகள் போன வழி வேறு. ஆனாலும் மயிலாடிக்கும் நாகர்கோவிலுக்கும் வந்த விதை எந்தத் தோட்டத்தது என்று கேட்டால், பதிலில் ஒரு பங்கு இந்த வழக்கு நடந்த ஊர்களிலும் இருக்கிறது.

நடத்துபவர் முதலிலேயே மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டியது ஒன்று. குற்றம் சாட்டியவர்களும் சாட்டப்பட்ட பெண்ணும் ஒரே விசுவாசத்தார். இரு தரப்பும் மேற்கோள் காட்டியது ஒரே வேதத்தை. இருவருமே ஆங்கிலேயச் சபையின் நெருக்கடியிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். இதை விட்டுவிட்டு ‘கொடுங்கோலர்களும் ஒரு வீரப்பெண்ணும்’ என்று வாசித்தால் பத்தே நிமிடத்தில் கதை முடிந்துவிடும். மீதி நேரம் கேட்பவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள். ஆகவே குழுவில் நன்றாக வாசிப்பவரிடம் ஆளுநர் ஜான் வின்த்ரோப்பின் பங்கைக் கொடுங்கள். ஆனின் வரிகள் யார் வாசித்தாலும் எடுபடும். வின்த்ரோப்பின் வரிகளுக்குத்தான் வாசிப்பவரின் உதவி தேவை.

பிரதி தயாரித்தல்

விசாரணையின் கேள்வி பதில் பதிவு நமக்குக் கிடைத்திருப்பதற்கு அந்தக் குடும்பமே காரணம். ஆனின் வழித்தோன்றலும் பின்னாளில் மாசசூசெட்ஸ் ஆளுநரானவருமான தாமஸ் ஹட்சின்சன், 1767ல் வெளியிட்ட தன் வரலாற்று நூலின் இரண்டாம் தொகுதிப் பின்னிணைப்பில் அதை அச்சிட்டார். காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வின்த்ரோப் தரப்பு எழுதி 1644ல் லண்டனில் அச்சான இன்னொரு விவரணையும் உண்டு. அது அவரை நியாயப்படுத்த எழுதப்பட்டது. இரண்டையும் கலந்து ஒரே பிரதி ஆக்காதீர்கள். கேள்வி பதில் முழுவதையும் முதல் பதிவிலிருந்தே எடுத்து, இரண்டாவதை முன்னுரை சொல்லும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

நாடக வாசிப்பில் இடைவெளிகளையும் சேர்த்து நிமிடத்துக்கு 80 முதல் 90 தமிழ்ச் சொற்கள் போகும். முதல் நாளுக்கு 25 நிமிடம், இரண்டாம் நாளுக்கு 35, முடிவில் வரும் சபை விசாரணைக்கு 8 என்று வைத்தால் மொத்தம் 5,800 சொல் அளவில் பிரதி அமைய வேண்டும். மூலம் இதைவிட நீளம். போதகர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரே சாட்சியத்தைச் சொல்லும் பகுதியில் தாராளமாக வெட்டலாம். ஆன் குறுக்குக் கேள்வி கேட்கும் இடங்களில் ஒரு வரியையும் தொடாதீர்கள்.

மொழிபெயர்க்கும்போது சில சொற்கள் கவிழ்த்துவிடும். அவர்கள் கட்டடத்தைச் சபை என்று சொல்லவே மாட்டார்கள். அது ‘கூட்ட வீடு’. ஊர்ப் பொதுக்கூட்டமும் அதே இடத்தில்தான் நடக்கும். ‘பரிசுத்தவான்கள்’ என்று வருமிடத்தில் ‘புனிதர்கள்’ என்று போட்டால் கொளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகள் புனித சவேரியாரை நினைத்துக்கொள்வார்கள். இங்கே அதன் பொருள் உயிரோடிருக்கிற சபை அங்கத்தினர். வழக்கை நடத்திய ‘பொதுமன்றம்’ சட்டமன்றமும் நீதிமன்றமும் ஒன்றாகச் சேர்ந்தது. அதை வெறும் நீதிமன்றம் என்று எழுதினால், ஆளுநரே ஏன் கேள்வி கேட்கிறார், ஊர்ப் பிரதிநிதிகள் ஏன் தீர்ப்பில் கை தூக்குகிறார்கள் என்பது விளங்காது.

கட்டளைகளின் எண்ணையும் கவனியுங்கள். ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்பது பியூரிட்டன்களுக்கு ஐந்தாம் கட்டளை, ‘கொலை செய்யாதிருப்பாயாக’ ஆறாவது. கத்தோலிக்க ஞானோபதேசத்தில் இவை நான்காவதும் ஐந்தாவதும். இரண்டு சபைப் பிள்ளைகளும் கலந்திருக்கிற குழுவில் எண் மட்டும் சொன்னால் பாதிப் பேருக்கு வேறு கட்டளை ஞாபகம் வரும். எண்ணோடு வாசகத்தையும் பிரதியில் எழுதிவிடுங்கள்.

யார் யாரை எப்படி விளிப்பது? வின்த்ரோப் ஆனை ‘நீ’ என்று பேசுவதாக எழுதினால் பிரதி அங்கேயே கெட்டது. அந்த அம்மா கனமுள்ள வீட்டுப் பெண். துணி வியாபாரத்தில் செல்வாக்கான கணவர், போஸ்டனில் வின்த்ரோப்பின் வீட்டுக்கு எதிர்வீடு. ‘நீங்கள்’ என்று எழுதினால் இன்றைய அலுவலகப் பேச்சாகிவிடும். நம் வேதாகமத் தமிழிலுள்ள ‘நீர்’ இரண்டு பக்கமும் பொருந்துகிறது: மரியாதையும் இருக்கிறது, ஒரு முழத் தூரமும் இருக்கிறது. ஆன் ஆளுநரை ‘ஐயா’ என்று அழைக்கட்டும். அந்தச் சொல்லை இறுதிவரை ஒரே குரலில் சொல்லும்படி வாசிப்பவரிடம் சொல்லுங்கள். கிண்டல் தொனி வந்தால் அவர் தோற்றுவிடுவார்.

கிருபை, கிரியை: இதைத் தெளிவாக்காமல் மணி அடிக்காதீர்கள்

முன்னுரைக்கு 25 நிமிடம். அதில் பாதியை இறையியலுக்குக் கொடுங்கள். பலரும் தவிர்த்துவிடுகிற பகுதி இது. அதனால்தான் வாசிப்பு பலவீனப்படுகிறது.

ஒருவன் இரட்சிக்கப்படுவது தேவனுடைய கிருபையால் மட்டுமே, தன் கிரியையால் அல்ல. இதில் மாசசூசெட்ஸில் யாருக்கும் சந்தேகமில்லை. யார் இரட்சிக்கப்படுவார் என்பதும் முன்குறிக்கப்பட்டுவிட்டது. அப்படியானால், நான் அந்தக் கூட்டத்தில் இருக்கிறேனா என்று எப்படி அறிவேன்? பெரும்பாலான போதகர்கள் சொன்ன பதில்: மரத்தைக் கனியினால் அறிகிறோம், பரிசுத்தமான நடத்தை இரட்சிப்பைச் சம்பாதிக்காது, ஆனால் அதற்கு அடையாளம். ஆன் அதை ஏற்கவில்லை. மாய்மாலக்காரனும் ஒழுங்காக நடக்கலாம். நடத்தையைக் காட்டி ஆறுதல் சொல்கிற போதகர், தெரிந்தோ தெரியாமலோ ஆட்களைக் கிரியையின் உடன்படிக்கைக்குள், அதாவது நற்செயலால் இரட்சிப்பு என்ற ஏற்பாட்டுக்குள், கொண்டுபோய்விடுகிறார். நிச்சயத்தை ஆத்துமாவுக்குள் பரிசுத்த ஆவியானவரே தருகிறார் என்றார். போதகர்களில் ஜான் காட்டனும் தன் மைத்துனர் உறவான ஜான் வீல்ரைட்டும் மட்டுமே கிருபையைச் சரியாகப் பிரசங்கிக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

ஞாயிற்றுப் பிரசங்கத்தைப் பற்றிய இந்தப் பேச்சு ஏன் அரசியல் வழக்காயிற்று? 1631 முதல் மாசசூசெட்ஸ் வளைகுடாக் குடியேற்றத்தில் வாக்குரிமை சபை அங்கத்தினரான ஆண்களுக்கு மட்டும். 1630களின் நடுவிலிருந்து, அங்கத்தினராகச் சேர்வதற்குத் தன்னில் கிருபை செயல்பட்ட விதத்தைச் சபைமுன் சாட்சி சொல்ல வேண்டும். சபை அதைக் கேட்டுத் தீர்மானிக்கும். வெளியே தெரிவது எதுவும் அடையாளம் ஆகாது என்று ஒருவர் சொன்னால், யார் அங்கத்தினர், அதனால் யார் வாக்காளர் என்கிற அளவுகோலே ஆடிப்போகும். இதைக் கரும்பலகையில் மூன்று பெட்டியாக வரைந்து காட்டுங்கள்: கிருபை, சபை அங்கத்துவம், வாக்கு. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்த கூட்டத்துக்கும் செய்யாத கூட்டத்துக்கும் கலந்துரையாடலில் வித்தியாசம் தெரியும்.

கிறிஸ்தவர் அல்லாத மாணவர்கள் இருந்தால் பயப்படத் தேவையில்லை. அய்யாவழிக் குடும்பத்துப் பிள்ளையோ, இந்துக் குடும்பத்துப் பிள்ளையோ, ‘அருள் வந்தது என்று ஒருவர் சொன்னால் ஊர் எதை வைத்து நம்புவது’ என்ற கேள்வியாக இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். பல வேளை வேதம் படித்து வளர்ந்தவர்களைவிடச் சீக்கிரமே பிடிப்பார்கள்.

மீதிப் பன்னிரண்டு நிமிடத்தில் நிகழ்ச்சிகளின் வரிசை. வின்த்ரோப்பின் கப்பல்கள் வந்தது 1630. காட்டன் வந்தது 1633. அவர் பிரசங்கத்தைக் கேட்கவே ஆன், கணவர் வில்லியமோடும் பிள்ளைகளோடும் 1634ல் வந்தார். பிரசவம் பார்க்கத் தெரிந்தவர் என்பதால் போஸ்டன் பெண்களிடையே சீக்கிரமே மதிப்புப் பெற்றார். காட்டனின் பிரசங்கத்தை வாரநாளில் வீட்டில் பெண்களோடு பேசத் தொடங்கியது, அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கூடுகிற கூட்டமாக வளர்ந்தது, ஆண்களும் வந்தார்கள். 1636ல் ஆளுநரான இளைஞர் ஹென்றி வேனும் அவர் பக்கம். 1637 ஜனவரியில் செய்த உபவாச நாள் பிரசங்கத்துக்காக வீல்ரைட் பிறகு ராஜதுரோகக் குற்றவாளி ஆக்கப்பட்டார். போஸ்டன்காரர்கள் அவருக்காக மனுக் கொடுத்தார்கள். மே மாதத் தேர்தலில் வின்த்ரோப் மறுபடி ஆளுநரானார்.

அதே ஆண்டு பூர்வகுடியினரான பீக்வாட் மக்களோடு போர். மே மாதம் மிஸ்டிக் கிராமத்தைத் தீ வைத்துப் பெண்களும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது, பெரும்பாலும் கனெக்டிகட் ஆட்களைக் கொண்ட ஆங்கிலேயக் குடியேற்றக்காரர் படையும் அதோடு சேர்ந்த பூர்வகுடியினரும். மாசசூசெட்ஸ் அனுப்பிய படைக்குப் போதகராக, ஆன் தரப்பார் ஏற்காத போஸ்டன் போதகர் ஜான் வில்சன் நியமிக்கப்பட்டதால் போஸ்டன் சபையார் ஆள் அனுப்பத் தயங்கினார்கள். இதை முன்னுரையில் விடாதீர்கள். இந்த மண் யாருடையது என்பதும் தெரிய வேண்டும். வின்த்ரோப்புக்கு இந்தச் சச்சரவு ஏன் வெறும் பேச்சாகத் தோன்றவில்லை என்பதும் தெரிய வேண்டும். அவருக்கு இன்னொரு அச்சமும் இருந்தது. இங்கிலாந்தில் அரசு இவர்களுடைய சாசனத்தை, அதாவது குடியேற்றத்தை ஆளக் கொடுத்த உரிமைப் பத்திரத்தை, பறிக்க வழக்குத் தொடுத்திருந்தது. உள்ளே கலகம் என்று செய்தி போனால் அது அந்த அரசுக்குச் சாதகம்.

தேதிகளில் ஒரு பொறி உண்டு. அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25ல் பிறந்தது. அதனால் வீல்ரைட்டின் பிரசங்கத்தைப் பழைய ஆவணம் 1636 ஜனவரி என்று சொல்லும். நம் கணக்கில் 1637. இதை அறியாமல் வரிசைப்படுத்துகிறவர்கள் பிரசங்கத்தை ஓராண்டு முன்னே தள்ளிவிடுகிறார்கள்.

கூடத்தை ஒழுங்குபடுத்துதல்

விசாரணை நடந்தது நியூடவுன் கூட்ட வீட்டில். மறு ஆண்டு அந்த ஊருக்குக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் மாறியது. போஸ்டனில் ஆனுக்கு ஆதரவு அதிகம் என்பதால்தான் ஆற்றுக்கு அக்கரையில் வைத்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் சிலுவை இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, வாத்தியம் இல்லை, கணப்பும் இல்லை. நம் கூடத்தில் ஆர்மோனியமும் கீபோர்டும் இருந்தால் ஓரமாகத் தள்ளி வையுங்கள். சுவரில் பதித்த சிலுவையை மூட வேண்டாம், பார்ப்பவர் மனம் புண்படும். நாற்காலிகளை வேறு சுவர் நோக்கித் திருப்பிப் போட்டால் போதும். பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடியதில்லை, 1659ல் கொண்டாடுகிறவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதமே விதித்தார்கள் என்று சொல்லுங்கள். டிசம்பர் முழுக்க கேரல் பவனி போகிற நம் பிள்ளைகளுக்கு, இவர்கள் வேறு மாதிரிக் கிறிஸ்தவர்கள் என்பது அந்த ஒரு வரியில் உறைக்கும்.

கறுப்பு உடையும் பக்கிள் வைத்த தொப்பியும் வேண்டாம். அது பிற்காலப் படம் போடுகிறவர்களின் கற்பனை. அவர்கள் பழுப்பு, பச்சை, செந்நிறம் எல்லாம் உடுத்தினார்கள். அவரவர் வழக்கமான உடையே சரி.

மேசைக்குப் பின்னால் ஆளுநர், வலப்பக்கம் துணை ஆளுநர் தாமஸ் டட்லி, இடப்பக்கம் மன்ற உறுப்பினர் நோவெல். போதகர்கள் பக்கவாட்டில். எதிரே ஸ்டூல், ஆனால் ஆன் முதலில் நிற்கட்டும். முதல் நாள் விசாரணையின் நடுவில் அவர் முகவாட்டத்தைக் கண்டு உட்கார அனுமதிக்கிறார்கள், அந்த வரி வரும்வரை நின்றே வாசிக்க வேண்டும். இருபது நிமிடம் நின்றபடி பதில் சொல்வது எப்படியிருக்கும் என்பதைக் கேட்பவர்கள் அப்போது கண்ணால் பார்ப்பார்கள். அன்று அவருக்கு வயது 46. வழக்கறிஞர் கிடையாது.

நவம்பர் 7, 8 தேதிகளை ஒட்டி நடத்த ஆசைப்படுவது இயல்பு. நமக்கு அது ஐப்பசி மழைக்காலம். தகரக் கூரை அல்லது ஷீட் போட்ட கூடமென்றால் மழை பிடித்ததும் மூன்றாம் வரிசைக்குமேல் ஒன்றும் கேட்காது. காங்கிரீட் கூரையுள்ள வகுப்பறையைப் பிடியுங்கள், அல்லது ஜனவரிக்குத் தள்ளுங்கள். மைக் இரண்டு போதும்: ஆளுநர் மேசையில் ஒன்று, ஆன் கையில் ஒன்று. எல்லார் கைக்கும் மைக் மாறிக்கொண்டிருந்தால் குறுக்குக் கேள்வியின் வேகம் செத்துவிடும். கரண்டு போனாலும் பாதகமில்லை, வட்டத்தைச் சுருக்கி வாசியுங்கள்.

பங்குகள்

வின்த்ரோப், டட்லி, நோவெல், ஆன், காட்டன், ஹியூ பீட்டர், ஜான் வில்சன், காக்ஸால், காடிங்டன், எடுத்துரைப்பவர் ஆகிய பத்துப் பேரோடு, ஜான் எலியட்டையும் மற்றப் போதகர்களையும் ஒருவரே வாசிக்கலாம். ஆனை ஒரு பெண்தான் வாசிக்க வேண்டும். மன்றத்தில் இருப்பவர்களை முடிந்தவரை ஆண்களே வாசிக்கட்டும். அந்த அறையில் ஒரு பக்கம் முழுக்க ஆண்கள் இருந்தது வழக்கின் ஒரு பகுதி.

டட்லிக்கு நறுக்கென்று பேசும் குரல். பீட்டர் சீக்கிரம் சூடாகிறவர். எலியட் நிதானமானவர். இதே எலியட்தான் பிறகு மாசசூசெட் மக்களின் மொழியைக் கற்று, 1663ல் முழு வேதாகமத்தையும் அந்த மொழியில் அச்சிட்டவர். மிஷனரிகளின் வேத மொழிபெயர்ப்பைப் போற்றி வளர்ந்த நம்மவர்களுக்கு, அந்த மனிதர் ஆனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார் என்பது கடினமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள்.

காட்டனின் பங்கு எல்லாவற்றிலும் நுட்பமானது. தன் சீஷி, தன் சக போதகர்கள், தன் பெயர், மூன்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்றப் பார்க்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் முன் இரண்டு நொடி மௌனம் விடும்படி அவரை வாசிப்பவரிடம் சொல்லுங்கள்.

முதல் நாள்

மணி அடித்துத் தொடங்குங்கள். குற்றச்சாட்டு மூன்று: வீல்ரைட்டுக்கு ஆதரவாக மனுக் கொடுத்தவர்களை ஊக்குவித்தது, வீட்டில் கூட்டம் நடத்தியது, போதகர்களை இழிவுபடுத்தியது.

முதல் குற்றச்சாட்டு ஐந்து நிமிடத்தில் சரிகிறது. ஆன் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. எந்தச் சட்டத்தை மீறினேன் என்று கேட்கிறார். தேவனுடைய சட்டத்தையும் அரசின் சட்டத்தையும் என்கிறார் வின்த்ரோப். எதில் என்று கேட்க, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொன்ன கட்டளையில் என்கிறார். ஆளுகிறவர்கள் பெற்றோருக்குச் சமம் என்பது அந்தக் கால வியாக்கியானம். ஆனின் பதில்: “ஆம் ஐயா, கர்த்தருக்குள்.” எபேசியர் 6:1 தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் ‘கர்த்தருக்குள்’ என்ற சொல்லின் வெட்டு தெரியும். ஆகவே முன்னுரையிலேயே அந்த வசனத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டில் தீத்து 2ம் அதிகாரம் வருகிறது: முதிர்வயதுள்ள ஸ்திரீகள் பாலிய ஸ்திரீகளுக்குப் போதிக்க வேண்டும். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அப்பொல்லோவுக்கு விளக்கிச் சொன்ன அப்போஸ்தலர் 18:26ம் பேச்சில் வருகிறது. இந்த இடத்தை வேகமாக வாசிக்க வேண்டும். வசனம் தேடப் பக்கம் புரட்டுகிற இடைவெளி கூடாது. பிரதியிலேயே வசனம் அச்சாகியிருக்கட்டும். நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கேட்கிறார்கள் என்றால் இங்கே சலசலப்பு எழும். அதை அடக்காமல் பத்து நொடி விட்டுத் தொடருங்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டில் போதகர்கள் சாட்சி சொல்கிறார்கள். 1636 டிசம்பரில் தங்களிடம் அந்தரங்கமாகப் பேசியபோது, தாங்கள் கிரியையின் உடன்படிக்கையைப் பிரசங்கிப்பதாக ஆன் சொன்னார் என்கிறார்கள். ஆளுக்கொரு சாட்சியம் வேண்டாம். பீட்டரும் எலியட்டும் போதும். முதல் நாள் இங்கே முடிகிறது. சாயா, ஏத்தன்பழம் பஜ்ஜி, பதினைந்து நிமிடம். இடைவேளையில் யாரும் தீர்ப்பைச் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்

மறுநாள் காலையில் ஆன் கேட்டது ஒன்றே: நேற்றுச் சாட்சி சொன்ன போதகர்கள் சத்தியம் செய்து சொல்லட்டும். இரவில் வில்சனின் குறிப்புகளைப் பார்த்ததாகவும் அவை சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்றும் சொல்கிறார். மன்றம் தடுமாறுகிறது. போதகர்களைச் சத்தியம் செய்யச் சொல்வதே அவமதிப்பு. செய்யாமல் விட்டால் சாட்சியத்துக்குப் பலமில்லை. அதோடு சத்தியம் செய்து தவறாகச் சொன்னால் அது தேவநாமத்தை வீணிலே வழங்குவது. இன்று நீதிமன்றத்தில் சம்பிரதாயமாகிவிட்ட ஒன்று அன்று எவ்வளவு பயத்துக்குரியது என்பதை எடுத்துரைப்பவர் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பதினைந்து நிமிடமும் கேட்பவர்களுக்கு வெறும் இழுபறிதான்.

ஆனுக்காகப் பேச வந்த காக்ஸாலை, மன்றத்துக்கு முன் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் என்று பீட்டர் மடக்குகிறார். பிறகு காட்டன். போதகர்கள் கிரியையின் உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள் என்றோ, அதைப் பிரசங்கிக்கிறார்கள் என்றோ ஆன் சொன்னதாகத் தான் காணவில்லை என்கிறார். இந்த வரிக்குப் பிறகு முழு நிறுத்தம். வழக்கு கிட்டத்தட்ட விழுந்துவிட்டது.

இங்கே வாசிப்பை நிறுத்தி முதல் வாக்கெடுப்பை நடத்துங்கள். மாசசூசெட்ஸில் 1643ல் தேர்தலுக்கு ஒரு முறை வைத்தார்கள்: மக்காச்சோள மணி போட்டால் சம்மதம், அவரைவிதை போட்டால் மறுப்பு. நமக்குப் பெரும்பயறு கைக்கு எளிது. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து மூடிய பாத்திரத்தில் போடச் சொல்லுங்கள். ‘இதுவரை கேட்டதில் இவர் குற்றவாளி’ என்பவர் சோளம், அல்ல என்பவர் பயறு. எண்ணாமல் மூடி வையுங்கள்.

பிறகுதான் ஆன் தானாகவே பேசத் தொடங்குகிறார். யாரும் கேட்கவில்லை. எந்தப் போதகர் சரி, எவர் தவறு என்று கர்த்தர் தனக்குக் காட்டிய விதத்தைச் சொல்கிறார். அது ஆவியானவர் என்று எப்படி அறிந்தீர் என்கிறார் நோவெல். தன் குமாரனைப் பலியிடச் சொன்னது தேவன் என்று ஆபிரகாம் எப்படி அறிந்தான், அது கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையை மீறுவதாயிற்றே என்று திருப்பிக் கேட்கிறார் ஆன். “நேரடியான சத்தத்தினால்,” என்கிறார் டட்லி. “எனக்கும் அப்படியே, நேரடியான வெளிப்பாட்டினால்,” என்கிறார் ஆன். அதோடு நிற்கவில்லை. தானியேலைச் சிங்கக் கெபியிலிருந்து விடுவித்தவர் தன்னையும் விடுவிப்பார், இந்த வழியில் போனால் உங்கள்மேலும் உங்கள் சந்ததியின்மேலும் சாபத்தை வருவிப்பீர்கள் என்கிறார்.

இதைக் கத்தி வாசிக்கக் கூடாது. பெரும்பாலான வாசிப்புகள் கெடுவது இந்த இடத்தில்தான். வாசிக்கிறவர் குரலை உயர்த்தினால் ஆன் நிதானம் இழந்தவர் போலத் தோன்றும். மன்றம் சொன்னது சரி என்று கூட்டம் எளிதாக முடிவு கட்டிவிடும். தனக்கு முற்றிலும் உறுதியான ஒன்றைச் சொல்லும் அமைதியோடு வாசிக்க வேண்டும். வின்த்ரோப்பும் வெற்றிக் குரலில் பேசக் கூடாது. வேதவசனத்துக்கு வெளியே நேரடி வெளிப்பாடு என்றால், அதைச் சரிபார்க்க ஒருவராலும் முடியாது. ஜெர்மனியில் வெளிப்பாட்டின் பேரில் எழுந்த கலகங்கள் அந்த அறையில் எல்லார் நினைவிலும் இருந்தன, வாய்விட்டும் சொன்னார்கள்.

இரண்டாம் வாக்கெடுப்பு இப்போது, வேறொரு பாத்திரத்தில். அதன்பின் தீர்ப்பு. மன்றம் கை தூக்குகிறது. காடிங்டனும் கோல்பர்னும் எதிர்க்கிறார்கள், ஜெனிசன் எப்பக்கமும் கை தூக்கவில்லை. ‘நம் சமுதாயத்துக்குத் தகாத ஸ்திரீ’ என்று நாடுகடத்தும் தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. எதற்காக என்று அறிய விரும்புகிறேன் என்கிறார் ஆன். “இனிப் பேச வேண்டாம். எதற்காக என்று மன்றம் அறியும், அதில் திருப்தியாயிருக்கிறது,” என்கிறார் வின்த்ரோப். இரண்டு பாத்திரத்தையும் எல்லார் முன்பும் எண்ணுங்கள். சோளம் எங்கே கூடியது என்பதிலிருந்து கலந்துரையாடலைத் தொடங்கலாம்.

கலந்துரையாடலில் வழுக்கும் இடங்கள்

நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். ‘வீட்டு ஜெபக்கூட்டம்’, ‘ஆண்டவர் என்னோடு பேசினார்’, ‘சபையை விட்டுப் போனவர்கள்’ என்று பேச்சு நம் ஊருக்கு வருவது நிச்சயம். வரட்டும். ஆனால் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வாயில் வந்தால் உடனே நிறுத்துங்கள். அடுத்த ஞாயிறு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள் அவர்கள். கேள்வியைப் பொதுவாக்கித் திருப்பிக் கொடுங்கள்: ஒருவருக்குக் கிடைத்த வெளிப்பாட்டைச் சபை எந்த அளவுகோலால் சோதிக்கலாம்? அந்த அளவுகோலை வைத்திருப்பவர் யார்?

சேலம் சூனிய வழக்கு என்று ஒருவராவது சொல்வார். அது 1692, 55 ஆண்டு கழித்து. அங்கே தூக்கிலிட்டது 19 பேரை, எரித்தது ஒருவரையும் இல்லை. மேஃப்ளவர் கப்பலையும் இழுப்பார்கள். 1620ல் பிளிமத்தில் இறங்கியவர்கள் ஆங்கிலேயச் சபையை விட்டே பிரிந்தவர்கள். வின்த்ரோப் கூட்டத்தார் பிரியவில்லை என்று சாதித்தவர்கள். ‘மதச் சுதந்திரத்துக்காக வந்துவிட்டு இவர்களே மறுத்தார்களே’ என்ற கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள். எல்லாருக்கும் மதச் சுதந்திரம் என்று அவர்கள் ஒருநாளும் வாக்குக் கொடுக்கவில்லை. சத்தியமாக வழிபட ஓர் இடம் வேண்டும் என்றே வந்தார்கள். மனச்சாட்சியில் அரசு கைவைக்கவே கூடாது என்று சொன்னவர் ரோஜர் வில்லியம்ஸ்; அவரையும் 1635ல் நாடுகடத்தினார்கள், 1636ல் பிராவிடன்ஸ் ஊரை உண்டாக்கினார். அவரையும் ஆனையும் ஒரே கொள்கைக்காரர் ஆக்கிவிடாதீர்கள். ஆன் கேட்டது எல்லாருக்கும் சுதந்திரம் அல்ல.

கடைசிக் காட்சி

எட்டு நிமிட சபை விசாரணையைக் கலந்துரையாடலுக்குப் பிறகு வையுங்கள். 1638 மார்ச், போஸ்டன் சபை. குளிர்காலம் முழுக்க ஆனை ராக்ஸ்பரியில் ஒரு வீட்டில் காவலில் வைத்திருந்தார்கள். அவருடைய ஆதரவாளர்கள் 75 பேரின் ஆயுதங்கள் ஏற்கெனவே பறிக்கப்பட்டுவிட்டன. இப்போது அவரைக் கடிந்துகொள்கிறவர்களில் காட்டனும் ஒருவர். வில்சன் அவரைச் சபையை விட்டுத் தள்ளிச் சாத்தானுக்கு ஒப்புக்கொடுப்பதாக வாசிக்கிறார்.

பேசாத பங்கு என்று ஆரம்பத்தில் சொன்னது மேரி டயருக்கு உரியது. அவரை வாசலுக்கு நேரான நடைபாதை ஓரத்தில், கேட்பவர்களோடு கேட்பவராக முதலிலிருந்தே உட்கார வையுங்கள். யாரென்று அறிமுகம் செய்ய வேண்டாம். ஆன் ஸ்டூலை விட்டு எழுந்து நடக்கும்போது அவர் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வெளியே போக வேண்டும். கதவைத் திறந்தே வைத்திருங்கள். தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினால் காட்சி போய்விடும். இருவரும் முற்றத்தில் இறங்கிய பிறகு எடுத்துரைப்பவர் வாசிக்க வேண்டியது இவ்வளவே: ஆன் ரோட் தீவுப் பகுதிக்குப் போனார், கணவர் இறந்தபின் டச்சுக்காரரின் நிலத்துக்குப் போய், 1643ல் அங்கே பூர்வகுடியினருக்கும் டச்சுக்காரருக்கும் நடந்த சண்டையில் பிள்ளைகள் பலரோடு கொல்லப்பட்டார். கூடப் போன பெண்ணின் பெயர் மேரி டயர். அவர் பின்பு குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார். நாடுகடத்தப்பட்ட குவேக்கர்கள் திரும்பி வந்தால் மரணம் என்று சட்டம் இருந்தும் போஸ்டனுக்குத் திரும்பி வந்தார். 1660 ஜூன் 1 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.